இரண்டு பேர் பேசிய மொழி

என் தம்பியின் மனைவி ஈரான் நாட்டில் தப்ரீஸ் என்ற நகரத்தில் பிறந்தவள். புங்குடுதீவில் எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு அவள் ‘ஜெர்மன்காரி’. முப்பது வருடத்துக்கு மேலாக ஜெர்மனியில் இருப்பதால் வந்த பெயர். ஆரம்பத்தில் நான் ஈரான்காரி என்று திருத்திப் பார்த்தேன். அவளோ, தம்பி மொழிபெயர்க்க, பாஸ்போட்தான் ஈரான், ஆள் அஸர்பைஜானி, வீட்டுப் பேச்சு துருக்கி என்றாள். துருக்கி நாட்டுக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டால், இல்லை என்றாள். இவ்வளவையும் மீன் வாங்க நிற்கிற இடத்தில் யாருக்கு விளக்குவது? ஜெர்மன்காரி என்றே விட்டுவிட்டேன். எனக்கு அவள் மச்சாள், அது போதும்.

தம்பி எண்பதுகளில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டவன். எங்கெங்கோ இறங்கி ஏறிக் கடைசியில் ஜெர்மனியில் ஒதுங்கினான். அகதிகளுக்கு மொழி படிப்பிக்கிற வகுப்பில் இருவரும் ஒரே வாங்கில் இருந்தார்களாம். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த வகுப்பில் பொறுக்கிய அரைகுறை ஜெர்மன் மட்டும். அதை வைத்துக்கொண்டு காதலித்து, கலியாணமும் கட்டிவிட்டார்கள். ஐயா ஒரு வருடம் அவனோடு பேசவில்லை. பிறகு பேசினார். எங்கள் ஐயாவின் கோபம் எப்போதும் அப்படித்தான், வெளிநாட்டுப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தால் ஆறிவிடும். பிள்ளைகள் அவர்களுக்குப் பிறக்கவில்லை.

போன வருடம் தம்பிக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துபோயிற்று. பேச்சு முழுதாக நின்றுவிட்டது. மச்சாள் நாள்தோறும் வீடியோவில் எடுத்து அவன் முகத்தைக் காட்டுவாள். அவன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடப்பான். நான் இங்கிருந்து தம்பி, தம்பி என்று கத்துவேன். பிறகு ஒருநாள் காலையில் அவள் அவசரமாக எடுத்து, போனை அவன் வாயருகே பிடித்தாள். அவன் பேசிக்கொண்டிருந்தான். தாதிமாருக்கு அது பிதற்றல், மச்சாளுக்கு வெறும் சத்தம்.

“அக்கா, மாட்டுக்குத் தண்ணி வைச்சாச்சோ?” என்றான்.

நான் குசினி நிலத்தில் இருந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். நாற்பது வருடத்துக்கு முந்திய குரல் அது. இடையில் அவன் என்னோடு பேசிய தமிழில் ஏதோ ஒரு அந்நியம் ஏறியிருந்தது, சொல்லைத் தேடித் தேடிப் பேசுவான். இப்போது தேடலே இல்லை. என் தம்பி எனக்குத் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன். போனுக்கு அந்தப் பக்கம் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜெர்மன் திரும்பவில்லை. சிலருக்கு முதல் பழகிய பாஷை மட்டும் மிஞ்சும் என்று டொக்டர் சொன்னாராம். பாஷை மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. அந்தப் பாஷையில் வாழ்ந்த வருடங்களும் கூடவே போய்விட்டன. அவனுடைய கணக்கில் அவன் இன்னும் ஊரை விட்டுப் புறப்படவில்லை.

சோளகக் காற்று பனைகளைப் போட்டு அடிக்கிற மாதங்களில் மச்சாள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். தன் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். அங்கே அவன் பேச்சைக் கேட்க ஒருவரும் இல்லை, இங்கே நீ இருக்கிறாய் என்றாள். அவள் வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதையும் வந்த முதல் கிழமையிலேயே சொல்லிவிட்டாள். அவன் ஒருமுறை தன்னை அடையாளம் கண்டு கூப்பிட வேண்டும். எந்தப் பாஷையில் என்றாலும் சரி, எந்தச் சொல்லால் என்றாலும் சரி.

தம்பிக்கு எங்கள் வீடு உடனே பிடிபட்டது. எந்தக் கதவு இழுத்தால் சத்தம் போடும் என்பதுகூட நினைவிருந்தது. என்னுடைய நரை முடியை மட்டும் ஒரு மாதிரிப் பார்த்தான், பிறகு கவனிக்காமல் விட்டுவிட்டான். ஐயாவையும் அம்மாவையும் கேட்டால் சாவகச்சேரிக்குச் செத்தவீட்டுக்குப் போயிருக்கினம் என்பேன், ஒத்துக்கொள்வான். காலையில் எங்கள் கைத்தாங்கலில் முகம் கழுவி, இஸ்திரி போட்ட சேட் போட்டு, விறாந்தைக் கதிரையில் இருந்துவிடுவான். ஏஜென்சிக்காரன் இன்றைக்கு ஆள் அனுப்புவான், கொழும்புக்குப் போக வேண்டும். சாயந்தரம் வரை ஒருவரும் வராவிட்டால் நாளைக்கு என்பான். இப்படித் தினமும் ஜெர்மனிக்குப் போக ஆயத்தமாக இருந்தான், ஜெர்மனியில் இருந்து வந்தவள் அவனுக்கு இடியப்பம் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் யார் என்பதற்கும் அவனே ஒரு விளக்கம் கண்டுபிடித்தான். அவள் ஏதோ ஆஸ்பத்திரியால் அனுப்பிய அம்மா. மிகவும் மரியாதையாக நடந்துகொண்டான். அவள் கோப்பையை நீட்டும்போது எழும்பப் பார்ப்பான், முடியாமல் கதிரையில் சரிவான். உங்களுக்குச் சிரமம் தாறன் என்பான். அவளோ அவன் ஏதோ அன்பாகச் சொல்கிறான் என்று நினைத்து அவன் நெற்றியில் கொஞ்சப் போவாள், அவன் பதறிப்போய்த் தலையைத் திருப்புவான்.

எங்களுக்கிடையில் பேச்சு என்பது போன்தான். போனுக்குள் ஒரு மொழிபெயர்ப்பு இருக்கிறது, ஒருவர் சொன்னால் மற்றவர் பாஷையில் குரல் வரும். அதோடு நான் பட்ட பாடு! எங்கள் ஊர்ப் பேச்சு அதற்கு விளங்காது. “அவனுக்கு வயித்துக்குள்ளை கொழுவிப் பிடிக்குதாம்” என்று சொன்னேன், அது என்னத்தை எங்கே கொழுவியது என்று மொழிபெயர்த்ததோ, அவள் ஓடிப்போய் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அதன் பிறகு நான் வானொலியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி, ‘அவருக்கு வயிற்றில் வலி ஏற்பட்டுள்ளது’ என்று பேசப் பழகிக்கொண்டேன்.

அவள் பக்கத்திலும் அதே கதைதான் என்று பிறகு தெரிந்தது. ஜெர்மனில் பேச அவளுக்கு மனம் வரவில்லை. அது அவனோடு பேசிய பாஷை. ஆகவே தன் துருக்கியில் பேசினாள். ஆனால் போனில் இருப்பது ஆராஸ் என்ற ஆற்றுக்கு வடக்கே இருக்கிற அஸர்பைஜான் நாட்டின் பேச்சு. தப்ரீஸ் ஆற்றுக்குத் தெற்கே, ஈரானுக்குள் இருக்கிறது. சனம் ஒன்று, பேச்சும் ஒன்று, ஆனால் நடுவில் ஓடுகிற ஆராஸ் ஆறு இப்போது எல்லை. அவளும் அந்த வடக்குக்காரரைப் போல நாக்கைத் திருத்திக்கொண்டுதான் போனோடு பேச வேண்டும். இரண்டு பெண்களும் அவரவர் பாஷைக்கு நல்ல உடுப்புப் போட்டு வெளிக்கிடுத்தி விட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்து கதைத்தோம்.

போனில் வருகிற எழுத்து ஜெர்மன் எழுத்து மாதிரித்தான் என்றாலும், தன் பாஷையை அதில் வாசித்து அவளுக்குப் பழக்கமில்லை. வடக்கே அஸர்பைஜான் நாட்டில் ஒரே நூற்றாண்டுக்குள் எழுத்தை மூன்று முறை மாற்றினார்களாம். முதலில் அரபு எழுத்து, பிறகு லத்தீன், பிறகு ரஷ்யர்களுடையது, பிறகு மறுபடியும் லத்தீன். அப்பன் எழுதியதை மகன் வாசிக்க மாட்டான், மகன் எழுதியதைப் பேரன் வாசிக்க மாட்டான். தெற்கே எழுத்து மாறவில்லை, ஆனால் அவளுடைய பாஷையைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே விடவில்லை. படிப்பு முழுக்கப் பாரசீகம். முதல் நாள் வகுப்பில் அவளுக்கு வெளியே போக வேண்டியிருந்ததாம். பாரசீகத்தில் எப்படிக் கேட்பதென்று தெரியாது, துருக்கியில் கேட்கப் பயம். அப்படியே இருந்து வாங்கை நனைத்துவிட்டாள். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள், போன் அதை ஒரு பெண் குரலில் மிகவும் சுத்தமான தமிழில் சொல்லி முடித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு பாரசீக இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கினவள் அவள். ஆனாலும் தன் தாய்க்குத் தாய்ப்பாஷையில் ஒரு கடிதம் ஒழுங்காக எழுத அவளுக்குத் தெரியாது.

எங்களுக்குள் சில விஷயங்களுக்குப் போன் தேவைப்படவில்லை. நான் வெறுந்தேத்தண்ணி ஊற்றி, பக்கத்தில் பனங்கட்டியை உடைத்து வைத்தேன். அவள் ஒரு துண்டை எடுத்துப் பல்லிடையில் வைத்துக்கொண்டு தேத்தண்ணியை அதன் மேல் விட்டு உறிஞ்சினாள். எங்கள் ஊர் முறையை உனக்கு யார் காட்டித் தந்தது என்று பிறகு போனில் கேட்டேன். தப்ரீஸில் எல்லோரும் சீனிக்கட்டியை அப்படித்தான் வைத்துக் குடிப்பார்களாம். தம்பியும் அப்படித்தான் குடிப்பான் என்றும், அதைப் பார்த்துத்தான் மொழி வகுப்பில் இவன் தன் ஊர்ப் பக்கத்தவனாக்கும் என்று நினைத்துக்கொண்டு முதன்முதலாகத் துருக்கியில் பேச்சுக் கொடுத்தாளென்றும் சொன்னாள். அவன் ஒன்றும் விளங்காமல் ‘ஓம், ஓம்’ என்றானாம்.

ஒருநாள் அவள் தன் சனத்தின் பழைய கதை ஒன்றைச் சொன்னாள். துருக்கியும் அவர்களுடைய முதல் பாஷை இல்லையாம். பல நூறு வருடங்களுக்கு முன்னால் அந்த மண்ணில் இருந்தவர்கள் பாரசீகத்துக்கு உறவான வேறொரு பாஷை பேசினார்கள். துருக்கி பேசுகிறவர்கள் மந்தைகளோடும் படைகளோடும் வந்து தங்கினார்கள். அதன் பிறகு அந்தப் பழைய பாஷை மெல்ல மெல்லப் போய்விட்டது. எப்படி ஒரு சனம் தன் பாஷையைத் தொலைக்கும், யாரும் அடித்துப் பறித்தார்களா என்று கேட்டேன். அப்படி ஒருநாளில் நடந்திருக்காது என்றாள். சந்தைக்குப் போகிறவன் ஒரு பாஷையோடு வருவான், மருமகள் ஒரு பாஷையோடு வருவாள், தாய் கேட்பது ஒரு பாஷை, பிள்ளை மறுமொழி சொல்வது இன்னொரு பாஷை.

அது எனக்கு விளங்கியது. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு பூட்டிக்கிடக்கிறது. அந்த வீட்டுக்காரரின் பேரப்பிள்ளைகள் வீடியோவில் வந்தால் நான் தமிழில் கேட்பேன், அவர்கள் பிரெஞ்சிலோ நோர்வேஜியனிலோ ஏதோ சொல்லிவிட்டு ஓடுவார்கள். தாய்மார் நடுவில் இருந்து சிரித்துச் சமாளிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். அவள் சொன்ன பிறகு கோபத்தோடு பயமும் வந்தது.

அவளுடைய தகப்பன் வழியில் மலைப் பக்கம் சில ஊர்களில் அந்தப் பழைய பாஷையின் மிச்சம் கொஞ்சம் இருந்ததாம். இளவயதில் ஒருமுறை உறவினரோடு அங்கே போயிருக்கிறாள். அதைத் தெரிந்த கிழவர் ஒருவர் இருந்தார். பேசிக் காட்டுங்கோ என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். தன் மனைவி செத்துப்போனாள், யாரோடு பேசுவது என்று கேட்டாராம். இவர்கள் விடாமல் கேட்க, எழும்பி உள்ளே போய்விட்டாராம்.

பிறகு போனை எடுத்து வாய்க்கு அருகே பிடித்து நீளமாக ஏதோ சொன்னாள். போன் சொல்லியது: “நானும் அவரும் வீட்டில் பேசியது ஜெர்மன் மொழி அல்ல. அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த மொழி. இப்போது அதை அறிந்தவள் நான் ஒருத்தி.”

அந்த மொழி எப்படியிருந்தது என்று கேட்டேன். சொன்னாள். ஆம் என்பதற்கு இருவருக்கும் ‘ஓம்’தான். போதும் என்பதற்கு அவளுடைய ‘பெஸ்தி’. சாப்பாட்டுச் சாமானெல்லாம் தமிழ், கொஞ்சல் எல்லாம் துருக்கி, சண்டை மட்டும் ஜெர்மன். அதுவும் ஜெர்மன்காரர் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிற ஜெர்மன். இருவரும் வகுப்பில் விட்ட பிழைகளைத் திருத்தாமலே முப்பது வருடம் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு யாரும் விருந்தாளி வந்தால் இருவருக்கும் வாய் கட்டிப்போகுமாம், சரியான ஜெர்மனில் ஒருவரோடொருவர் பேசக் கூச்சமாக இருக்குமாம்.

ஆஸ்பத்திரியில் தம்பி முதன்முதலாக ‘ஓம்’ என்றபோது அவள் எல்லாத் தாதிமாரையும் கூப்பிட்டாளாம். தங்கள் மொழியில் தனக்கு மறுமொழி சொல்லிவிட்டான் என்று. அது தமிழ் ‘ஓம்’ என்று பிறகுதான் விளங்கியது. இங்கேயும் அவனுக்குச் சோறு போடும்போது அவள் கரண்டியைப் பிடித்தபடி “பெஸ்தி?” என்று கேட்பாள். முப்பது வருடம் கேட்ட சொல். அவன் மரியாதையாகச் சிரிப்பான், அவள் போட்டுக்கொண்டே இருப்பாள், கோப்பை நிறைந்துவிடும். நான்தான் கையைப் பிடித்து நிறுத்துவேன். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அப்போதுதான் தமிழ் படிக்கிறேன் என்று தொடங்கினாள். இந்த வயதில் ஏறுமா என்றேன். தன் சனம் முழுதாக ஒருமுறை பாஷை மாறிய சனம் என்றாள். பாரசீகம் ஒன்று, குர்ஆன் ஓத அரபு ஒன்று, ஜெர்மன் ஒன்று என்று தானும் மாறி மாறி வந்தவள்தான், இது இன்னும் ஒன்று. அவன் தன்னிடம் வராவிட்டால் தான் அவனிடம் போவாளாம். பிடிவாதக்காரி. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்தப் பிடிவாதத்தால்தான்.

சாப்பாட்டுச் சொற்கள் முன்னமே தெரியும், வலி, குளிர், நித்திரை எல்லாம் கெதியில் வந்துவிட்டன. பிறகு அவனை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாள். ஜெர்மனியில் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறாள், இப்போது அதற்கு அவன் திரும்புவதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷனைப் பெயர் சொல்ல மாட்டாள், ‘இஞ்சேருங்கோ’ என்பாள் என்று சொன்னேன். இங்கே பாருங்கள் என்பது போல ஒரு சாதாரணச் சொல். ஆனால் வேறு ஆண்பிள்ளையைப் பார்த்து ஒரு பெண் அந்தக் குரலில் அதைச் சொல்ல மாட்டாள். குசினிக்குள் இருந்து வருகிற அந்தக் குரலைக் கேட்டே எங்கள் ஐயா வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் இருந்து எழும்பி வருவார். அவளுக்குக் கண் விரிந்தது. தன் தாயும் தகப்பனைப் பெயர் சொன்னதில்லை, ‘அ கிஷி’ என்பாளாம், ஆம்பிளை என்று அர்த்தமாம்.

நான் கலியாணம் கட்டாதவள். அந்தச் சொல்லை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேனே தவிர, என் வாயால் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் முதன்முதலாகச் சொன்னேன். குரலை எங்கே தாழ்த்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று இருவரும் குசினிக்குள் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். எனக்கு ஏனோ முகம் சூடாகிவிட்டது. அவள் கண்டுபிடித்துச் சிரித்தாள்.

அடுத்த நாள் காலை அவள் குசினி வாசலில் நின்று கூப்பிட்டாள். “இஞ்சேருங்கோ.”

தம்பி சட்டென்று திரும்பினான். நோய் வந்ததில் இருந்து அவன் அவ்வளவு விரைவாகத் திரும்பி நான் பார்க்கவில்லை. மச்சாள் என் கையைப் பிடித்து நெரித்தாள். அவன் முதலில் அவளுக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தான். பிறகு அவளையே பார்த்தான். காது மடல் வரை சிவந்துவிட்டது. என்னைக் கிட்ட வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினான்.

“அக்கா, உந்த அம்மா என்னை ஏன் அப்பிடிக் கூப்பிடுறா? ஆரும் கேட்டால் என்ன நினைப்பினம்? பாவம், கருத்து விளங்காமல் சொல்லுறா போல. நீங்கள் பக்குவமாச் சொல்லிவிடுங்கோ, மனம் நோகாமல்.”

என்ன சொன்னான் என்று அவள் போனை நீட்டினாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்வது? ‘அவர் வெட்கப்படுகிறார்’ என்றேன். அது பொய்யும் இல்லை. அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். கலியாணத்தன்றும் அவன் இப்படித்தான் வெட்கப்பட்டானாம், படம் எடுக்கிறவரைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லையாம்.

அதனால் அவள் நாள் முழுக்கக் கூப்பிடத் தொடங்கினாள். தேத்தண்ணிக்கு, மருந்துக்கு, மழை வருகிறதென்று சொல்ல, ஒன்றுக்கும் இல்லாமலும். அவள் கூப்பிடக் கூப்பிட அவன் கதிரையில் ஒடுங்கினான். ஒழுங்கையால் யாரும் சைக்கிளில் போனால் வாசல் படலைப் பக்கம் பதற்றத்தோடு பார்த்தான். வெளிநாட்டுக்குப் புறப்படுகிற நேரத்தில் தன் பெயர் கெட்டுவிடும் என்று என்னிடம் முறையிட்டான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்சாதி கூப்பிடுகிறாள், புருஷன் மானத்துக்குப் பயந்து அழுகிறான். நான் சொல்லிக் கொடுத்த சொல். கடைசியில் அவளிடம், அந்தச் சொல்லைக் கொஞ்ச நாளைக்கு விடு என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தை நீண்ட நேரம் பார்த்தாள்.

அன்றையில் இருந்து அவன் சொல்வதை என்னிடம் கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். போனையும் தொடுவது குறைந்தது. பேசாமல் இருந்து கேட்டாள். மீன்காரர் வந்து பேரம் பேசுவதைக் கேட்டாள், நான் அயலட்டைப் பெண்களோடு வம்பளப்பதைக் கேட்டாள், அவன் விறாந்தையில் தனக்குத்தானே கதைப்பதைப் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்தபடி கேட்டாள். குறிகாட்டுவான் பஸ்ஸில் ஏறித் தனியாக யாழ்ப்பாணம் போய் அவனுக்கு மருந்து வாங்கி வந்தாள். கொண்டக்டர் மிச்சம் தரவில்லை என்று என்னிடம் தமிழில் முறைப்பட்டபோது நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். விசாவை நீட்டித்து, நீட்டித்து, மழைக்காலமும் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சநாளில் நடுவில் நான் இல்லாமலே அவர்கள் இருவரும் கதைப்பார்கள் என்று நினைத்தேன். அந்த நாளுக்காக நேர்த்திகூட வைத்தேன்.

அந்த நாளும் வந்தது. பகல் முழுக்கப் பெய்த மழை விட்டு, முற்றத்தில் தண்ணீர் நின்றது. மச்சாள் அவனுக்குத் தேத்தண்ணி பருக்கி, கடைவாயைத் துடைத்துவிட்டாள். துவாயை மடித்து அவன் மடியில் வைத்தாள். அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு கனிவு இருந்தது. அவளும் அதைக் கண்டாள். கதிரைக்குப் பக்கத்தில் முழங்கால் குத்தி இருந்து அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“நீங்கள் ஒவ்வொரு நாளும் வாறியள்,” என்றான் தம்பி. “நல்ல மனம் உங்களுக்கு. நான் மறக்கமாட்டன். ஆனால் பொழுதுபடுது. உங்கட மனுசன் தேடப் போறார். வீட்டை போங்கோ.”

பழக்க தோஷத்தில் என் கை போனைத் தேடியது. எதையாவது மாற்றிச் சொல்லிவிடலாம் என்று மனம் ஓடியது. அவள் திரும்பிப் பார்க்காமலே என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு சொல் மிச்சமில்லாமல் அவளுக்கு விளங்கியிருந்தது. மாதக்கணக்காக உட்கார்ந்து படித்தது இதை விளங்கிக்கொள்ளத்தானா?

அவள் ஒவ்வொரு சொல்லாக, பிழை வராமல் சொன்னாள்.

“அவர் என்னைத் தேடமாட்டார்.”

தம்பிக்கு அது பொறுக்கவில்லை. அவன் எப்போதும் இளகின மனக்காரன், அது மாறவில்லை. இடது கையால் கதிரைப் பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தான்.

“அப்பிடிச் சொல்லக்கூடாது. கோவம் எண்டாலும் தேடாமல் விடுவாரோ? நானெண்டால் தேடுவன்.”

“ஓம்,” என்றாள் அவள்.

அவன் ஆறுதல்பட்டான். நல்ல வார்த்தை சொல்லி ஒருவரைத் தேற்றிவிட்ட ஆறுதல். பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, இருட்டுது. இவவைத் தனியப் போக விடாதேங்கோ. படலை மட்டும் கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ.”

அவள் எழும்பிச் செருப்பைக் கொழுவிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முற்றத்துத் தண்ணீரைச் சுற்றி நடந்தோம். படலையடியில் இருவரும் நின்றுவிட்டோம். திரும்பிப் பார்த்தேன். அவன் விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தான், அவள் பத்திரமாக வெளிக்கிட்டுவிட்டாளா என்று. வேறு வழியில்லாமல் படலையைத் திறந்தேன். இருவரும் வெளியே ஒழுங்கைக்கு இறங்கினோம். அவன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். அவளும் கையைக் காட்டினாள்.

நான் படலையைச் சாத்தினேன். இந்தத் தீவில் அவளுக்குப் போக வேறு வீடு இல்லை.